வாடகைதாரர் பக்கம் ஆஜராகப் போகும் புது வக்கீலுக்கு

என் முதல் வாடகை வழக்குக்குக் கடைசிவரை நம்பர் விழவே இல்லை, அதாவது கோர்ட் அதைக் கோப்பில் எடுக்கவே இல்லை. மூன்று தடவை காகிதம் ரிட்டர்ன் ஆனது. முதல் தடவை, சீனியர் அலமாரியில் கிடந்த பழைய ஆர்.சி.ஓ.பி. (பழைய வாடகைச் சட்டத்தில் போடும் மனு) மாதிரியைப் பார்த்து டைப் அடித்திருந்தேன். நான் போட்டிருந்த பிரிவுகள் எல்லாம் ரத்தாகிப்போன 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவுகள். அதைத் திருத்திக் கொடுத்தால், வாடகை ஒப்பந்தத்தின் பதிவு எண் எங்கே என்று கேட்டுத் திரும்பி வந்தது. மூன்றாவது தடவை, இது இங்கே வர வேண்டிய மனுவே இல்லை, ரென்ட் அத்தாரிட்டியிடம் (வாடகை விஷயங்களைப் பார்க்கும் வருவாய்த்துறை அதிகாரி) போகவும் என்று பென்சிலில் எழுதியிருந்தது.

பிரச்சினை என்னவென்றால், மோட்டார் சுவிட்ச் இருந்த அறையை வீட்டுக்காரர் பூட்டி வைத்துக்கொண்டு, மாடியில் குடியிருந்தவர்களுக்குத் தண்ணீர் ஏற்றவில்லை. நான் ரிட்டர்னைச் சரிசெய்துகொண்டிருந்த இரண்டு மாதமும் அவர்கள் குடத்தில் தூக்கினார்கள். அப்புறம் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள்.

தமிழ்நாட்டில் சட்டப் படிப்பை முடித்துவிட்டு, குடியிருப்பவர்கள் பக்கம் வழக்கு நடத்த விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்த இரண்டு மாதம் உங்களிடம் வரும் யாருக்கும் வீணாக வேண்டாம்.

1. என்ரோல்மென்ட்டும் ஏ.ஐ.பி.இ.யும்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் தேதி தவறினால் வலிக்கும். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24-ஆவது பிரிவுப்படி பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 125 ரூபாய். அதற்கு மேல் வேறு பெயர்களில் வசூலிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. முத்திரைத் தீர்வை தனி.

உங்கள் பேரில் ஏதாவது வழக்கு இருந்தால், கல்லூரிப் போராட்டத்தில் போட்ட சின்ன வழக்காக இருந்தாலும், படிவத்தில் எழுதிவிடுங்கள். வழக்கு இருப்பதைவிட மறைத்தது தெரியவருவதுதான் சிக்கல்.

பதிவு செய்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் அகில இந்திய பார் தேர்வில் (ஏ.ஐ.பி.இ.) தேறிவிட வேண்டும். 100 கேள்விகள், மூன்றரை மணி நேரம், தப்பான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. குறிப்பு எழுதாத சட்டப் புத்தகங்களை உள்ளே கொண்டுபோகலாம். அடிக்கோடு போட்டு, ஓரத்தில் எழுதி வைத்த புத்தகத்தை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். தேர்வுக்கென்று சுத்தமான பிரதி ஒன்றைத் தனியாக வாங்குங்கள்.

2. யாரிடம் ஜூனியராகச் சேர்வது

பெரிய சீனியர் வேண்டும் என்று அலையாதீர்கள். வாடகை வழக்கு வாரத்துக்கு இரண்டாவது வரும் அலுவலகமாகப் பாருங்கள். மாவட்டத் தலைநகர்களில் சிவில் பக்கம் இருக்கும் வக்கீல் குமாஸ்தாக்களிடம் கேட்டால், யாரிடம் அந்தக் கட்டுகள் அதிகம் என்று சொல்லிவிடுவார்கள்.

ஒரு பொறி இருக்கிறது. வாடகை வழக்கு அதிகம் வரும் அலுவலகங்களில் பாதிக்கு மேல் வீட்டுக்காரர் பக்கம்தான் நிற்கின்றன, ஏனென்றால் ஃபீஸ் அங்கேதான் வருகிறது. அங்கே சேர்வது தப்பில்லை. எதிர்த்தரப்பு எப்படி யோசிக்கிறது என்பதைக் கற்க அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் ஒரு வழக்கில் ஒரு தரப்புக்கு ஆலோசனை சொல்லிவிட்டாலோ, மனு எழுதிக் கொடுத்துவிட்டாலோ, அதே வழக்கில் மற்றத் தரப்புக்கு நீங்கள் ஆஜராக முடியாது. சீனியர் கட்சிக்காரரின் வீட்டில் குடியிருப்பவர் உங்கள் தூரத்துச் சொந்தமாக இருப்பார், கோர்ட் வராந்தாவில் தோளில் கை போட்டுக்கொண்டு கேள்வி கேட்பார். வாயைத் திறப்பதற்கு முன் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டுவிடுங்கள். நான் ஒரு நோட்டில் பெயர் எழுதி வைக்க ஆரம்பித்ததே அப்படி ஒரு தர்மசங்கடத்துக்குப் பிறகுதான்.

சட்ட உதவிக் குழுவின் பேனல் வக்கீலாக வேண்டுமானால் பொதுவாக மூன்று வருட அனுபவம் கேட்பார்கள். அதுவரை சும்மா இருக்க வேண்டாம். தாலுகா சட்டப் பணிகள் குழு அலுவலகத்தில் வாரம் ஒரு மத்தியானம் போய் உட்கார்ந்தால், வருகிறவர்களின் பிரச்சினை எப்படி இருக்கிறது என்பது காதில் விழும். இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்கள் சட்டத் தன்னார்வலராகவே சேரலாம்.

3. கையில் இருக்க வேண்டிய சட்டம்

இப்போது நடப்பில் இருப்பது 2017-ஆம் ஆண்டின் 42-ஆவது தமிழ்நாடு சட்டம், அதாவது நில உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய ஒழுங்குமுறைச் சட்டம். 22.02.2019 முதல் அமலில் இருக்கிறது. அதற்குப் பிறகு திருத்தங்களும் வந்துவிட்டன, அதனால் 2019-இல் அச்சான புத்தகத்தைப் பாதி விலைக்கு வாங்கி ஏமாறாதீர்கள். காலக்கெடு சொல்லும் பிரிவுகள்தான் அதிகம் மாறியிருக்கின்றன.

சட்டம் முழுவதையும் ஒரே ராத்திரியில் படித்துவிடலாம், சின்னதுதான். ஆனால் இந்த நான்கு பிரிவுகள் மட்டும் தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும். 4-ஆவது பிரிவு, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், ரென்ட் அத்தாரிட்டியிடம் பதிவாக வேண்டும். 11-ஆவது பிரிவு, அட்வான்ஸ். 20-ஆவது பிரிவு, தண்ணீர், மின்சாரம் போன்றவற்றை நிறுத்தக் கூடாது. 21-ஆவது பிரிவு, எந்தெந்தக் காரணத்துக்காகக் காலி செய்யச் சொல்லலாம்.

பதிவு விஷயத்தில் எல்லோரும் குழம்புகிறார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் செய்யும் பத்திரப் பதிவு வேறு, ரென்ட் அத்தாரிட்டியிடம் செய்யும் பதிவு வேறு. பின்னது அரசின் வாடகை ஒப்பந்தப் பதிவு இணையதளத்தில் நடக்கிறது. அங்கே ஒரு பதிவு எண் கொடுப்பார்கள். '11 மாசம்தானே, பதிவு தேவையில்லை' என்று தெருவில் எல்லோரும் சொல்வது சார்பதிவாளர் அலுவலகப் பதிவைப் பற்றியது. ரென்ட் அத்தாரிட்டி பதிவுக்கு 11 மாதக் கணக்கெல்லாம் கிடையாது. ஓராண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தம் என்றால் சார்பதிவாளரிடமும் போக வேண்டும். 30 வருடத்துக்குக் குறைந்த குத்தகைக்கு முத்திரைத் தீர்வை மொத்த வாடகை, அட்வான்ஸ் தொகையில் 1 சதவீதம், பதிவுக் கட்டணமும் 1 சதவீதம். பதிவுக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 20,000 ரூபாய்.

கோயில் இடம், வக்ஃபு இடம், அரசு இடம் என்றால் இந்தச் சட்டப் புத்தகத்தை மூடி வைத்துவிடுங்கள். அவற்றுக்கு வேறு சட்டம், வேறு வழி.

4. முதல் சந்திப்பு: இந்த வரிசையில் கேளுங்கள்

வருகிறவர் கதையை நடுவில் இருந்துதான் ஆரம்பிப்பார். வீட்டுக்காரரின் மருமகள் என்ன பேசினாள் என்பதில் அரை மணி நேரம் போகும். பேசட்டும், ஆத்திரம் தணிந்த பிறகுதான் தேதிகள் நினைவுக்கு வரும். ஆனால் அவர் எழுந்து போவதற்குள் ஐந்து விஷயங்கள் உங்கள் நோட்டில் இருக்க வேண்டும்.

மாதா மாதம் வாடகை கொடுக்கிறாரா? இதுதான் முதல் கேள்வி. நம் ஊரில் 'லீஸுக்கு இருக்கோம் சார்' என்றால் அது பெரும்பாலும் போகியம். மொத்தமாக ஐந்து லட்சமோ எட்டு லட்சமோ கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் குடியிருப்பது. அது வாடகை வழக்கே அல்ல, அடமான வழக்கு. அதைப் பதிவுப் பத்திரமாகச் செய்திருக்க வேண்டும். பெரும்பாலும் செய்திருக்க மாட்டார்கள். ஒரு முத்திரைத்தாளில் எழுதி, பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு பேரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கியிருப்பார்கள்.

போகியம் என்று தெரிந்த உடனே அந்த வீட்டுக்கு வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பாருங்கள். வீட்டுக்காரர் வங்கியில் கடன் வாங்கியிருந்து, தவணை கட்டாமல் விட்டிருந்தால், அடமானச் சொத்தை எடுத்துக்கொள்ள வங்கிக்கு அதிகாரம் தரும் சர்ஃபாசி சட்டத்தில் வங்கி வந்து கதவில் நோட்டீஸ் ஒட்டிவிடும். அதை எதிர்க்கக் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும், 45 நாளுக்குள். ஒட்டிய நோட்டீஸைக் கிழித்துப் போட்டுவிட்டு இரண்டு மாதம் கழித்து வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். யாரோ விளையாட்டுக்கு ஒட்டியது என்று நினைத்தார்களாம்.

அடுத்து, எழுத்தில் ஒப்பந்தம் உண்டா, அதில் யார் கையெழுத்து? வாடகை யார் கணக்குக்குப் போகிறது? கையெழுத்துப் போட்டவர் அப்பா, பணம் வாங்குகிறவர் மகன், வீடு யார் பேரில் என்றால் இறந்துபோன பாட்டி பேரில். இப்படி இருந்தால் நோட்டீஸ் மூன்று பேருக்கும் போக வேண்டும்.

மூன்றாவது, கடைசியாக எந்த மாதம் வரை வாடகை கொடுத்திருக்கிறார்? இதற்கு நேரான பதில் வரவே வராது. 'எல்லாம் கரெக்டா கொடுத்துட்டோம்' என்பார்கள். பாஸ்புக்கைப் பார்க்காமல் நம்பாதீர்கள். இரண்டு மாதப் பாக்கி இருந்து, கேட்டு நோட்டீஸ் வந்த ஒரு மாதத்துக்குள்ளும் கட்டாமல் விட்டால், காலி செய்யச் சொல்ல அதுவே போதுமான காரணம். அந்த நோட்டீஸ் ஏற்கெனவே வந்து, பீரோவில் சேலைக்கு அடியில் கிடக்கிறதா என்று ஒரு தடவை கேளுங்கள். கிடக்கும்.

நான்காவது, இப்போது வீட்டில் இருக்கிறாரா, வெளியே இருக்கிறாரா? சாவி யாரிடம்?

ஐந்தாவது, உண்மையில் அவருக்கு என்ன வேண்டும்? எனக்குத் தெரிந்து பத்தில் ஏழு பேர் அந்த வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று கேட்பதில்லை. பிள்ளைக்குப் பரீட்சை முடியும்வரை நேரம் வேண்டும், அட்வான்ஸ் முழுசாக வேண்டும், அவ்வளவுதான். இதை முதலிலேயே கேட்டுவிட்டால் இரண்டு வருட வழக்கை இரண்டு வாரச் சமரசமாக முடிக்கலாம்.

5. காகிதம் சேர்ப்பது

குடியிருப்பவர் கையில் காகிதம் இருக்காது. ஒப்பந்தத்தின் அசலை வீட்டுக்காரர் வைத்திருப்பார். ரசீது கொடுத்திருக்க மாட்டார்கள். அதனால் வாடகைதாரர் பக்கம் நிற்கும் வக்கீலின் வேலையில் பாதி, இல்லாத காகிதத்தை உண்டாக்குவது. பொய்க் காகிதம் என்று சொல்லவில்லை. நடந்ததற்கெல்லாம் ஒரு தடயம் எங்கேயாவது இருக்கும், அதைத் தோண்டி எடுத்து வரிசையாக அடுக்குவது.

வங்கிக் கணக்கு அறிக்கையில் வீட்டுக்காரர் பெயர் வரும் வரிகளை மட்டும் மஞ்சள் பேனாவால் அடிக்கச் சொல்லுங்கள். யு.பி.ஐ. என்றால் செயலியின் ஸ்க்ரீன்ஷாட் போதாது, வங்கியின் முத்திரை வைத்த அறிக்கை வேண்டும். கேஸ் புத்தகம், ஆதாரில் இருக்கும் முகவரி, பள்ளிக்கூடத்தில் கொடுத்த முகவரி, பார்சல் வந்த ரசீது எல்லாமே எத்தனை வருடமாக அங்கே குடியிருக்கிறார் என்பதைச் சொல்லும்.

வாட்ஸ்அப் செய்திகள்தான் இப்போது பெரிய சாட்சி. 'அட்வான்ஸ் அடுத்த மாசம் தரேன்மா' என்ற ஒரு வரி, ஐம்பது பக்க வாக்குமூலத்துக்குச் சமம். ஆனால் அதை அச்செடுத்து அப்படியே கோர்ட்டில் கொடுத்தால் எதிர்த்தரப்பு எழுந்து ஆட்சேபிக்கும். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவின் 4-ஆவது உட்பிரிவுப்படி சான்று வேண்டும். அதில் இரண்டு பாகம். முதல் பாகத்தில் போன் வைத்திருப்பவர் கையெழுத்துப் போட வேண்டும், இரண்டாவது பாகத்தில் ஒரு நிபுணர். ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் எண்) எழுத வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65-பி சான்று மாதிரியைக் காப்பி அடிக்காதீர்கள், நானும் ஒரு தடவை அடித்து வாய்தா வாங்கினேன்.

கட்சிக்காரரிடம் முதல் நாளே சொல்லி அனுப்ப வேண்டியது இன்னொன்று: போனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள், எதையும் அழிக்காதீர்கள்.

6. நோட்டீஸ் அனுப்பும்போது

நோட்டீஸில் வீரவசனம் வேண்டாம். தேதி, தொகை, என்ன வேண்டும், எத்தனை நாளில் வேண்டும், எந்தக் கணக்கில் போட வேண்டும். ஒரு பக்கம் போதும். இப்போது பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள், அதனால் கவுண்ட்டரில் பதிவு, ஒப்புகை இரண்டும் வேண்டும் என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள். டெலிவரி விவரத்தை அஞ்சல்துறை இணையதளத்தில் இருந்து அன்றைக்கே அச்செடுத்துக் கட்டில் வையுங்கள். ஆறு மாதம் கழித்துத் தேடினால் கிடைக்காது.

அட்வான்ஸ் நோட்டீஸ்தான் உங்களுக்கு அதிகம் வரும். சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது, ஆனால் அதே வரியில் வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொண்டால் சரி என்றும் சொல்லிவிடுகிறது. ஆகவே பத்து மாத அட்வான்ஸ் வாங்கினது சட்டவிரோதம் என்று நோட்டீஸில் முழங்காதீர்கள், ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். உங்களுக்கு உதவுவது அடுத்த வரி: காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கியைக் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தர வேண்டும்.

'நியாயமான பாக்கி' என்றால் என்ன? வீட்டுக்காரர் ஒரு மாத வாடகையைப் பெயின்ட்டுக்கு என்று பிடிப்பார். சட்டத்தின் இரண்டாவது அட்டவணையைத் திறந்து காட்டுங்கள். சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவது, குழாய், ஒயரிங் மாற்றுவது எல்லாம் வீட்டுக்காரர் தலையில்தான் இருக்கிறது, ஒப்பந்தத்தில் மாற்றி எழுதியிருந்தால் ஒழிய. குழாய்க்கு வாஷர் மாற்றுவது, சுவிட்ச் மாற்றுவது மாதிரியானவைதான் குடியிருப்பவர் பொறுப்பு.

சாவி விஷயத்தில் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். 'அட்வான்ஸ் கொடுத்தால்தான் சாவி' என்று வீட்டைக் காலி செய்துவிட்டுச் சாவியை மட்டும் கையில் வைத்திருப்பார்கள். அவர்களுக்கு அது ஒரு பிடி. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது பொன்முட்டை: சாவி தராதவரை வீட்டை ஒப்படைக்கவில்லை, வாடகை ஓடிக்கொண்டிருக்கிறது. நான்கு மாதம் சாவியை வைத்திருந்த ஒரு கட்சிக்காரருக்குக் கடைசியில் அட்வான்ஸில் இருந்து கிடைத்தது வெறும் ஆறாயிரம். ஆகவே சாவியைக் கொடுத்துவிடச் சொல்லுங்கள், ஆனால் ஆதாரத்தோடு. காலி வீட்டை ஒவ்வொரு அறையாக வீடியோ எடுக்க வேண்டும், மின்மீட்டர் எண் தெரிய வேண்டும், 'இன்று சாவி ஒப்படைத்தேன்' என்று வாட்ஸ்அப்பில் போட வேண்டும். வாங்க மறுத்தால் சாவியைக் கவரில் போட்டு நோட்டீஸோடு தபாலில் அனுப்பிவிடலாம்.

7. எந்த வாசலில் போய் நிற்பது

நான் தவறியது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அட்வான்ஸ் பணம் மட்டும்தான் பிரச்சினை, வீட்டுக்காரர் ஊரில்தான் இருக்கிறார் என்றால் முதல் வாசல் சட்டப் பணிகள் குழு. வழக்குத் தாக்கல் செய்யும் முன்பே லோக் அதாலத்துக்கு (சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றம்) மனு போடலாம். கோர்ட் கட்டணம் கிடையாது. குழுவின் முத்திரையோடு ஒரு கடிதம் போனதும் பாதி வீட்டுக்காரர்கள் இறங்கி வருவார்கள். அங்கே சமரசமாகி அவார்டு போட்டுவிட்டால் அது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. ஆனால் எதிர்த்தரப்பு ஒத்துக்கொள்ளாவிட்டால் அங்கே எதுவும் செய்ய முடியாது, இரண்டு அமர்வுக்கு மேல் காத்திருக்க வேண்டாம்.

தண்ணீர், மின்சாரம், கழிவறை, மாடிப்படி, இவற்றில் கை வைத்திருந்தால் ரென்ட் அத்தாரிட்டி. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வருவாய்த்துறை அதிகாரி அவர். மனுவோடு சேர்த்து இடைக்கால உத்தரவு கேளுங்கள், கேட்காமல் கிடைக்காது. பூட்டிய மோட்டார் அறை, கழற்றி எடுத்த ஃபியூஸ் கேரியர், காலித் தொட்டி என்று தேதியோடு போட்டோ இணையுங்கள். அவருக்கு வேறு நூறு வேலை இருக்கும். தேர்தல், வெள்ளம், முதலமைச்சர் வருகை என்று எது வந்தாலும் உங்கள் மனு அடியில் போய்விடும். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாள் கூட்டத்தில் ஆட்சியரிடம் ஒரு நகல் கொடுத்து வைத்தால் கோப்பு நகரும்.

காலி செய்யச் சொல்லும் வழக்கு ரென்ட் கோர்ட்டில் நடக்கும். அங்கே வழக்கு எண் ஆர்.எல்.டி.ஓ.பி. என்று வரும், மேல்முறையீட்டுக்கு ரென்ட் ட்ரிப்யூனல், ஆர்.எல்.டி.ஏ. சென்னையில் சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதிகள்தான் ரென்ட் கோர்ட்டாக உட்காருகிறார்கள். மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான். உத்தரவு சொன்ன அன்று மாலையே நகல் மனு போட்டுவிடுங்கள்.

ஒப்பந்தமே இல்லை என்றால் என்ன செய்வது? கசப்பான விஷயம் இது. எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதே 21-ஆவது பிரிவில் காலி செய்யச் சொல்ல ஒரு காரணம். யார் மறுத்தார்கள், வீட்டுக்காரர்தானே கையெழுத்துப் போடவில்லை என்று வாதாடிப் பார்க்கலாம். அதை மட்டும் நம்பி நிற்காதீர்கள், கட்சிக்காரருக்கும் அப்படி நம்பிக்கை கொடுக்காதீர்கள். இந்த மாதிரி வழக்கில் நான் முதல் வாய்தாவிலேயே எத்தனை மாத அவகாசம் கிடைக்கும் என்றுதான் பேச ஆரம்பிக்கிறேன். இன்னும் வழக்கு வராதவர் என்றால், ஒப்பந்த வரைவு ஒன்றைத் தயார்செய்து, கையெழுத்திடக் கேட்டு வீட்டுக்காரருக்குத் தபாலில் அனுப்பி வைக்கலாம்.

ஒப்பந்தம் இருக்கிறது, பதிவு இல்லை என்றால், அதைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்ற ஆட்சேபணை 4-ஏ பிரிவின் கீழ் வரும். மனுவைப் போடுவதற்கு முன்பே அதற்குப் பதில் தயாராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் என்னைப் போல ரிட்டர்ன் வாங்குவீர்கள்.

8. ராத்திரி ஒன்பது மணிக்கு வரும் போன்

'சார், வேலைக்குப் போயிட்டு வந்தா வீட்டைப் பூட்டிட்டாங்க, சாமான் எல்லாம் வாசல்ல கிடக்கு.' இந்த போன் வருடத்துக்கு இரண்டு தடவையாவது வரும்.

முதலில் 112-க்கு அழைக்கச் சொல்லுங்கள். அழைத்த நேரம் பதிவாகிவிடும். வேறு எதுவும் செய்வதற்கு முன், வாசலில் கிடக்கும் சாமானையும் புதுப் பூட்டையும் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். பூட்டை உடைக்க விடாதீர்கள், உடைத்தால் வழக்கு உங்கள் கட்சிக்காரர் மேல் திரும்பும். அப்புறம் நீங்கள் நேரில் போங்கள். ஸ்டேஷனில் 'இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க' என்று சொல்வார்கள். அத்துமீறி நுழைவது, வழி மறிப்பது எல்லாம் பாரதிய நியாய சன்ஹிதாவில் 329, 126 பிரிவுகளில் குற்றம் என்று எழுதியே கொண்டுபோங்கள். எஃப்.ஐ.ஆர். போடாவிட்டாலும் புகார் கொடுத்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்காமல் திரும்பாதீர்கள். அந்தச் சின்னச் சீட்டில் இருக்கும் தேதிதான் பிறகு எல்லாவற்றுக்கும் அடிப்படை.

சட்டப்படி இல்லாமல் வெளியேற்றப்பட்டவர், 'ஸ்பெசிஃபிக் ரிலீஃப் ஆக்ட்' என்ற குறித்த நிவாரணச் சட்டத்தின் 6-ஆவது பிரிவில் வழக்குப் போட்டு மறுபடி உள்ளே போகலாம். வீடு யாருடையது என்ற கேள்வியே அங்கே எழாது, அன்றைக்கு யார் இருந்தார் என்பதுதான் கேள்வி. ஆறு மாதத்துக்குள் போட்டாக வேண்டும். பேசித் தீர்த்துவைக்கிறேன் என்று ஊர்ப் பெரியவர் யாராவது வந்து ஐந்து மாதத்தைத் தின்றுவிடுவார். பேசட்டும், நீங்கள் பக்கத்திலேயே பிளெய்ன்ட்டை (வழக்கு மனுவை) டைப் செய்துகொண்டிருங்கள்.

9. வழக்கு நடக்கும்போது வாடகை

'கேஸ் போட்டாச்சு, இனிமே எதுக்கு வாடகை?' என்று கேட்பார்கள். இதற்கு நீங்கள் கண்டிப்பாகப் பதில் சொல்லாவிட்டால் வழக்கு அங்கேயே தோற்றது. வாடகை நிற்கவே கூடாது. வீட்டுக்காரர் வாங்க மறுத்தால் மணியார்டரில் தொடர்ந்து இரண்டு மாதம் அனுப்ப வேண்டும், அதையும் வாங்கவில்லை என்றால் ரென்ட் அத்தாரிட்டியிடம் செலுத்தலாம். 'வாங்க மறுத்தார்' என்று திரும்பி வந்த மணியார்டர் ஃபாரத்தை லேமினேட் செய்யக்கூட வேண்டாம், அப்படியே பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள்.

முதல் வாய்தாவை யாரும் தவறவிடக் கூடாது. சம்மனை வாங்காமல் ஓடி ஒளிந்தால் எக்ஸ்பார்ட்டி ஆகிவிடும், அதாவது அவர் இல்லாமலே உத்தரவு போய்விடும், அதை நீக்க ஒரு மனு, அதற்கு ஒரு செலவு. கட்சிக்காரர் போனில் இ-கோர்ட்ஸ் செயலியை ஏற்றி, வழக்குக்கென்று கொடுக்கும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டுக் கொடுத்துவிடுங்கள். 'அடுத்த வாய்தா எப்ப சார்' என்ற போன்கள் பாதியாகக் குறையும்.

10. ஃபீஸ்

அட்வான்ஸ் வழக்கில் வருகிறவர் தாராளமாகச் சொல்வார், 'வர்ற பணத்துல பாதியை எடுத்துக்கோங்க.' எடுக்கக் கூடாது. வழக்கின் பலனில் பங்கு பேசுவதை பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. அதேபோல் 'வாடகைப் பிரச்சினையா? அழையுங்கள்' என்று போஸ்டர் ஒட்டுவதும், சமூக ஊடகத்தில் விளம்பரம் போடுவதும் கூடாது. வாய் வார்த்தையாகத்தான் ஆள் வர வேண்டும். மெதுவாகத்தான் வருவார்கள்.

நான் செய்வது இது: நோட்டீஸுக்கு ஒரு தொகை, மனு தாக்கலுக்கு ஒரு தொகை, விசாரணை தொடங்கும்போது ஒரு தொகை. மூன்றையும் முதல் நாளே ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுகிறோம். பேட்டா (சம்மன் அனுப்பும் கட்டணம்), கோர்ட் கட்டண வில்லை, நகல், தபால் எல்லாம் தனி, ரசீதோடு. கேட்கப்படும் அட்வான்ஸ் பாக்கியே பதினைந்தாயிரம் என்றால் அதற்கு வழக்கு நடத்தும் செலவு கட்டுப்படியாகாது என்று நேராகச் சொல்லி லோக் அதாலத்துக்கு அனுப்பிவிடுங்கள். இரண்டாம் முறை அவரே வேறு ஒருவரைக் கூட்டிக்கொண்டு வருவார்.

பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. மற்றவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு வருமான வரம்பு 3 லட்சம் ரூபாய். உதவி எண் 15100. கொடுக்க முடியாதவர் வந்தால் நீங்களே அந்த எண்ணை எழுதிக் கொடுங்கள். ஒப்பந்தத்தில் மனைவி பெயரும் இருந்தால் மனு அவர் பேரில் போகலாம், இதைப் பல பேர் யோசிப்பதில்லை.

அப்புறம், கட்சிக்காரரின் அசல் காகிதம் எதையும் உங்களிடம் வைத்துக்கொள்ளாதீர்கள். நகல் எடுத்துக்கொண்டு அசலைத் திருப்பிக் கொடுத்து, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். கோர்ட்டில் தாக்கல் செய்யும் அன்று காலையில் கொண்டுவந்தால் போதும்.